தகுதி பெற்ற மேற்பார்வையாளர்

என்ன வேலைன்னா கேட்டீங்க? புள்ளை பாத்துக்கிற வேலை. சிரிங்க தம்பி, சிரிங்க. அறுபது முடிஞ்சு எட்டு மாசமாச்சு. பென்ஷன் வருது, திருமங்கலத்துல சொந்த வீடு இருக்கு. ஆனாலும் ஞாயித்துக்கிழமை சாயங்காலமானா இந்தத் திருப்பூர் பஸ்ல ஏறி உக்காந்துருறேன். சனிக்கிழமை வரைக்கும் அங்க புள்ளை பாக்கணும். பாக்குறதுன்னா வேற ஒண்ணுமில்ல, புள்ளைக இருக்குற பக்கம் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அதுக்கு மேல எதுவும் செய்ய என்னை விடமாட்டாங்க. அதையும் சொல்றேன். தாராபுரம் வர இன்னும் நேரமிருக்கு.

எம் பேரு சௌந்தரபாண்டியன். ரிட்டயர் ஆகுறதுக்கு முன்னாடி நான் யாரு தெரியுமா? ஆய்வு அலுவலர். வேலைக்குப் போற பொம்பளைங்க பகல்ல புள்ளைகளை விட்டுட்டுப் போற காப்பகம் இருக்குல்ல, அதுக்கெல்லாம் லைசென்ஸ் குடுக்குற ஆபீஸு. நான் நேர்ல போய்ப் பாத்து எழுதணும். எழுதுறதுக்கு ஒரு படிவம் இருக்கு, இருபத்தொம்பது கேள்வி. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரிசையாச் சொல்லுவேன். தீயணைப்பான் உண்டா, மாடிப்படிக்குக் கைப்பிடி உண்டா, சின்னக் கழிவறை உண்டா, இப்படிப் போகும். முப்பத்தொரு வருஷ சர்வீஸுல எத்தனையோ நூறு காப்பகம் பாத்திருக்கேன். ஒரு புள்ளையைக் கையில தூக்கினதில்ல. ஏன் தூக்கணும்? படிவத்துல அந்தக் கேள்வி இல்லையே.

எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்காங்க. ரெண்டு பேரும் நல்ல வேலையில இருக்காங்க. எப்படி வளத்தீங்கன்னு கேட்டா, என்னத்தச் சொல்ல. நான் ஆபீஸு போயிட்டு வருவேன். அவங்க வளந்துட்டாங்க.

சரி, கதைக்கு வாரேன். திருப்பூர்ல கருணாம்பிகைன்னு ஒரு அம்மா. ஊரே கருணாக்கான்னுதான் கூப்பிடும். அம்பது வயசிருக்கும். பனியன் கம்பெனிக்குப் போற பொம்பளைங்க காலைல எட்டு மணிக்குப் புள்ளைகளைக் கொண்டாந்து இவங்க வீட்டுல விட்டுட்டு, ராத்திரி எட்டு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சு வந்து தூக்கிட்டுப் போவாங்க. பதினாறு வருஷமா இது நடக்குது, லைசென்ஸ் கிடையாது. அந்த ஏரியாவுல அதுமாதிரி எட்டு வீடு இருக்கு, எட்டுக்கும் கிடையாது. எனக்கு அது தெரியும். தெரிஞ்சா என்ன, விண்ணப்பம் வந்தாத்தான் கோப்பு, கோப்பு இருந்தாத்தான் நான் போவேன். கூப்பிடாத வீட்டுக்கு விருந்துக்குப் போற ஆள் இல்ல நான்.

கருணாம்பிகைக்கு வாசல்ல ஒரு போர்டு வைக்கணும்னு ஆசை வந்துருச்சு. போர்டு எழுதுறவன் சும்மா எழுதிட்டுப் போக வேண்டியதுதானே? ‘லைசென்ஸ் நம்பர் இல்லாம எழுதினா எனக்கு வம்பு வரும்க்கா’ன்னுருக்கான். இந்தம்மா பதறிப்போயி, அடுத்த நாளே ஆபீஸுக்கு வந்து, விண்ணப்பம் வாங்கி, எங்கிட்டயே சந்தேகம் கேட்டு நிரப்பிக் குடுத்துட்டுப் போச்சு. எட்டு பேர்ல சட்டத்தைத் தேடி வந்தது ஒரே ஆளு. அந்த ஒரே ஆளு வீட்டுக்குத்தான் நான் இன்ஸ்பெக்‌ஷன் போனேன்.

பதினோரு மணிக்கு மேல போனேன். வீடு அப்படி ஒரு அமைதி. உள்ள போனா, உத்தரத்துல வரிசையாச் சேலைத்துணியைக் கட்டி பதினோரு தூளி. பதினொண்ணுலயும் புள்ளைங்க தூங்குது. பெரிய புள்ளைங்க ஒரு ஆறு பேரு பாயில படுத்திருக்கு. அந்தம்மா ஒரு தூளியை ஒரு விரலால ஆட்டிக்கிட்டு நிக்குது.

நான் மெதுவா, ரகசியம் கேக்குற மாதிரிக் கேட்டேன், ‘கட்டில் எத்தனைம்மா?’

‘கட்டில் இல்லைங்க சார். தூளி இருக்குதுங்க.’

படிவத்துல தூளி இல்ல தம்பி. கட்டில்தான் இருக்கு. நாலு காலு, ரெண்டு பக்கமும் தடுப்பு. தூளிக்குக் காலுக்கு எங்க போறது? ‘தூங்கும் வசதி: இல்லை’ன்னு எழுதினேன். காகிதம் சரசரன்னு சத்தம் போட்டா ஏதாவது புள்ளை முழிச்சிரப் போகுதுன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எழுதினேன். இதுல வேடிக்கை என்னன்னா, அப்ப எனக்கு இதுல ஒரு வேடிக்கையும் தெரியல.

வருகைப் பதிவேடு கேட்டேன். நோட்டு வச்சிருந்துச்சு, ஆனா எல்லாம் பென்சில்ல. புள்ளைக வர்றதும் போறதும் மாறிக்கிட்டே இருக்குமாம், அழிச்சு எழுதத் தோதா இருக்குமாம். ‘பென்சில் செல்லாதும்மா’ன்னு சொல்லி ‘பதிவேடு: முறையாகப் பராமரிக்கப்படவில்லை’ன்னு போட்டேன். படிப்பு? எட்டாங்கிளாஸ். விதிப்படி பொறுப்பாளர் குழந்தை வளர்ப்புல டிப்ளமோ படிச்சிருக்கணும். ‘பதினாறு வருசமாப் பாக்கறனுங்க சார், ஒரு புள்ளைக்கு ஒரு கீறல் உளுந்ததில்லீங்க’ன்னு சொல்லுச்சு. கீறலுக்குக் கட்டம் இல்ல. ‘தகுதி: இல்லை.’ இருபத்தொம்பதுல ஒம்போதுக்கு ஆமா, இருபதுக்கு இல்ல.

உடனே மூடச்சொல்லி எட்டே நாள்ல ஆர்டர் ரெடியாச்சு. கையெழுத்து மேலதிகாரி, வாசகம் என்னுது. ஆபீஸுல ஆர்டர் எழுத என்னை விட்டா ஆள் கிடையாது. கடைசியில ஒரு வரி நானாச் சேத்தேன். ‘பெற்றோர் மேல் விவரங்களுக்கு இவ்வலுவலகத்தை அணுகலாம்.’ தேவையே இல்ல. ஒரு அழகுக்குச் சேத்தேன். கொண்டுபோய் அந்தம்மா கையில குடுத்தேன். அழல, சண்டை போடல. ‘நாளைக்குக் காலைல புள்ளைங்க எங்கீங்க சார் போகும்?’னு மட்டும் கேட்டுச்சு. அதெல்லாம் பெற்றோர் பொறுப்பும்மா, நீங்க இதை வெளியில தெரியிற மாதிரி ஒட்டுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஒட்டிருச்சு. சட்டத்தை அந்தம்மா மாதிரி மதிச்ச ஆளை நான் பாத்ததில்ல.

மறுநாள் காலைல எட்டு மணி. நான் தங்கியிருந்த ரூம்ல தண்ணி வராது, அதனால ஏழரைக்கே ஆபீஸுக்கு வந்து பின்பக்கக் குழாயில குளிச்சிருவேன். அன்னிக்கு ஆபீஸுக்கு வேற யாரும் வரவும் மாட்டாங்க. எல்லாரும் கோயமுத்தூர்ல பயிற்சி. என்ன பயிற்சின்னு கேக்க மாட்டீங்களா? குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி. எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு நாலு மாசம்தான இருக்கு, என்னைப் பயிற்சிக்கு அனுப்பி என்னத்துக்குன்னு விட்டுட்டுப் போயிட்டாங்க.

இடுப்புல துண்டு, வாயில பிரஷ். முன்பக்கம் ஒரே சத்தம். போய்ப் பாத்தா படியில பொம்பளைங்க கூட்டம், இடுப்புல ஒண்ணு கையில ஒண்ணுன்னு புள்ளைங்க.

‘சார், நோட்டீஸ்ல இங்க வரச்சொல்லிப் போட்டிருக்குதுங்க’ன்னு ஒரு பொண்ணு முன்னால வந்துச்சு.

வாயில நுரை. துப்பிட்டு, ‘அது விவரம் கேக்கறதுக்கும்மா’ன்னேன்.

‘வெவரமுங்களா? இவ பேரு தர்ஷிகாங்க. ரெண்டேகால் வயசு. பதினோரு மணியானாத் தூங்கீருவா. வெவரம் அவ்வளவுதானுங்க’ன்னு சொல்லி என் கையில வச்சிருச்சு. நான் பிரஷைப் பிடிக்கிறதா, துண்டைப் பிடிக்கிறதா, புள்ளையைப் பிடிக்கிறதா? அந்த நேரம் பாத்து ரோட்டுல கம்பெனி வேன் ஹாரன் அடிக்குது. எட்டரைக்குக் கேட்டைச் சாத்திருவாங்க. நிமிஷத்துல அத்தனை பொம்பளைங்களும் புள்ளைங்களைப் படியேத்தி விட்டுட்டு ஓடிட்டாங்க. வேன் போயிருச்சு. நான் நிக்கிறேன், துண்டோட.

தம்பி, அன்னிக்குத்தான் எங்க ஆபீஸை நான் முதல் தடவையாப் பாத்தேன். மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது. சுவிட்சு போர்டு ஒண்ணு முழங்கால் உயரத்துல வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. தீயணைப்பான் இருக்கு, அது காலாவதியாகி பன்னெண்டு வருஷம். கழிவறைக்குப் பூட்டு, சாவி சூப்பிரண்டு அம்மா பையில, பை கோயமுத்தூர்ல. இருபத்தொம்பது கேள்வியும் தானா மனசுல ஓடுது. எங்க ஆபீஸு தேறினது ரெண்டே ரெண்டுல. கூரை உண்டு, பெயர்ப்பலகை உண்டு.

ஒரு பய மேசைக்கடியில போய் என் செருப்பைக் கடிக்கிறான். ரெண்டு பேரு நிலுவைக் கோப்பை எல்லாம் இழுத்துப்போட்டு வீடு கட்டுறாங்க. முப்பது வருஷமா அசையாத கோப்பு அன்னிக்குத்தான் அசைஞ்சுச்சு. ஒரு பொண்ணு வந்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ‘ஆயி’ன்னுச்சு. எனக்குக் கை காலு ஓடல. வீட்டுக்குப் போன் போட்டேன்.

‘அங்கயற்கண்ணி, புள்ளைக்கு எப்படிக் கழுவி விடுறது?’

சொன்னா, ‘நான் ரெண்டு புள்ளைக்குக் கழுவினேன். ஒரு நாளாவது உங்களுக்குப் போன் போட்டேனா?’ன்னு. வச்சுட்டா. அவளுக்கு அன்னிக்கு என்னமோ கோவம். வயசாக வயசாக அவளுக்குக் கோவம் அதிகமா வருது, பிரஷர் பாக்கணும். அப்புறம் நானே பின்பக்கக் குழாயில வச்சு ஏதோ செஞ்சு முடிச்சேன். நான் நனைஞ்ச அளவுக்கு அந்தப் புள்ளை நனையல. அதுக்கப்புறம்தான் சட்டை பேன்ட் எடுத்து மாட்டினேன்.

பதினொண்ணேகால் இருக்கும். ஒரு பாக்கெட் பிஸ்கட் கிடந்துச்சு, ஆளுக்கு ஒண்ணு குடுக்கலாம்னு எண்ணினேன். பதிமூணு.

சரி, பதிமூணு. காலைல எத்தனை?

தம்பி, இங்கதான் கேளுங்க. காலைல எத்தனைன்னு எனக்குத் தெரியல. எழுதல. பேரு எழுதல, எண்ணிக்கை எழுதல. பென்சில்ல எழுதினது செல்லாதுன்னு ஒரு பொம்பளை பொழைப்பை மூடின ஆளு, பேனாவை ஜோப்புல வச்சுக்கிட்டு ஒரு எழுத்து எழுதல. பதிமூணா வந்துச்சு, பதினாலா, பதினஞ்சா? அந்தம்மா வீட்டுல பதினேழு இருந்துச்சு, ஆனா பதினேழும் வரல, சிலதை அக்கம்பக்கத்துல விட்டிருப்பாங்க. யாரைக் கேக்குறது? புள்ளைங்களைக் கேட்டேன். ‘எத்தனை பேருடா வந்தீங்க?’ன்னு. ஒருத்தன் நாலு விரலைக் காட்டுறான்.

வாசலைப் பாத்தேன். கதவு தொறந்து கெடக்கு. வெளியில மெயின் ரோடு, மூச்சு விடாம லாரி போகுது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் மூடியில்லாத சாக்கடை. பயந்தேங்க. பயம்னா, என் ஆயுசுல அப்படி ஒரு பயம் வந்ததில்ல. ஓடிப்போயிக் குனிஞ்சு சாக்கடையப் பாக்குறேன். பாத்துட்டுத் திரும்பினா உள்ள இருக்கற பதிமூணு பேரைத் தனியா விட்டுட்டு வந்தது ஞாபகம் வருது, திரும்ப உள்ள ஓடுறேன். எந்தப் புள்ளையத் தேடுறேன்னும் தெரியல. முகம் தெரியாத புள்ளையை, இருக்கா இல்லையான்னே தெரியாத புள்ளையை எப்படித் தேடுவீங்க?

அந்தம்மாவோட விண்ணப்பத்துல போன் நம்பர் இருந்துச்சு. அந்தக் கோப்பால உலகத்துல நடந்த ஒரே நல்ல காரியம் அது. போன் போட்டேன். அழுகை வந்துருச்சு எனக்கு, வெக்கத்தை விட்டுச் சொல்றேன். அந்தம்மா ஏன், எப்படின்னு ஒரு வார்த்தை கேக்கல. ‘கதவைச் சாத்திப்போட்டீங்களா சார்?’னு கேட்டுச்சு. அப்பத்தான் ஓடிப்போய்ச் சாத்தினேன்.

பத்து நிமிஷத்துல ஆட்டோவுல வந்து எறங்குச்சு. உள்ள வந்து எண்ணலைங்க. விரலை நீட்டி எண்ணுமேன்னு நான் பாக்குறேன், சும்மா ஒரு சுத்துப் பார்த்துச்சு. ‘தர்ஷிகா எங்கீங்க?’ன்னுச்சு.

தர்ஷிகா. காலைல முதல்ல என் கையில வந்த புள்ளை. பதினோரு மணியானாத் தூங்கீருவான்னு எனக்குக் கிடைச்ச ஒரே விவரம். அதையும் மறந்துட்டேன்.

‘சித்தெ இருங்க சார், அவளுக்குத் தூங்கறதுக்குத் துணி வேணும்’னு சொல்லிட்டு, ஜன்னல் திரையத் தூக்கிப் பாத்துச்சு. இல்ல. நேரா மீட்டிங் ஹாலுக்குப் போச்சு. அங்க அதிகாரிங்க உக்கார்ற பெரிய மேசை, பச்சைத்துணி தரை வரைக்கும் தொங்கும். தூக்கிப் பாத்தா, துணியோட ஓரத்தைச் சுருட்டி வாயில வச்சுக்கிட்டு அந்தப் புள்ளை அசந்து தூங்குது. நான் அந்த மேசையச் சுத்தி நாலு தடவ ஓடியிருக்கேன்.

அப்படியே தரையில உக்காந்துட்டேன். அந்தம்மா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டுனா வாங்கிக்கிறதுக்குத் தயாராத்தான் உக்காந்திருந்தேன். ‘எந்திரிச்சு அந்தப் பச்சைத்துணியக் கழட்டிக் குடுங்க சார்’னுச்சு. அதை ஜன்னல் கம்பியில கட்டித் தூளி. திரைத்துணி இன்னொரு தூளி. என் துண்டையும் கேட்டுச்சு. ஒரு மணிக்கெல்லாம் சோறு பெசஞ்சு ஊட்டி, வீடு மாதிரி ஆகிப்போச்சு ஆபீஸு. கடைசி வரைக்கும் அங்கயே இருந்துச்சு.

ராத்திரி வேன் வந்து நின்னுச்சு. தர்ஷிகா அம்மாதான் முதல்ல வந்துச்சு. ‘சார், புள்ளை அழுதுச்சுங்களா?’ன்னு எங்கிட்டக் கேக்குது. கருணாம்பிகை ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பென்ஷனே கிடையாது, அடி வேற விழுந்திருக்கும். நான் அந்தம்மா மூஞ்சியப் பாக்குறேன். ‘சாரு நல்லாத்தான் பாத்துக்கிட்டாருங்க கண்ணு. பதினோரு மணிக்கே தூங்கீட்டா’ன்னு சொல்லிப் புள்ளையத் தூக்கிக் குடுத்துச்சு.

படியில நின்னுக்கிட்டு நான் எல்லாருக்கும் சொல்லிட்டேன், ‘நாளையிலிருந்து கருணாக்கா வீட்டுக்கே கொண்டு போங்க’ன்னு. எந்த விதியில சொன்னேன்னு கேக்காதீங்க. மறுநாள் விதியத் தேடி எடுத்தேன். குறைகளை நிவர்த்தி செய்ய நாலு மாச அவகாசம் குடுக்கலாம்னு ஒரு உட்பிரிவு இருக்கு. முப்பத்தொரு வருஷமா அந்தப் பக்கத்தை நான் புரட்டினதில்ல.

அப்புறம் என்ன, புள்ளைகளோட அப்பன்மாரு ஞாயித்துக்கிழமை வந்து படிக்குக் கைப்பிடி வெல்டிங் பண்ணினாங்க. சின்னக் கழிவறை வந்துச்சு. பதிவேட்டுல பேனா வந்துச்சு. ஒரு கம்பெனிக்காரரு பதினோரு கட்டிலு குடுத்தாரு, அதுல துவைச்ச துணி காயுது. எல்லாம் முடிஞ்சு ஒரே ஒரு கேள்விதான் நின்னுச்சு. தகுதி. அந்தம்மா இந்த வயசுல எங்க போயி டிப்ளமோ படிக்கும்? நாலு மாசமும் முடியப்போகுது. நான் விதியத் திரும்பப் படிச்சேன். டிப்ளமோ, அல்லது துறையில பத்தாண்டு அனுபவம் உள்ள மேற்பார்வையாளர். துறையில பத்தாண்டு அனுபவம் உள்ளவன் யாரு? புள்ளையத் தொலைச்சவன். அவனுக்குத் தகுதி உண்டு, முப்பத்தொரு வருஷத் தகுதி. கண்டுபிடிச்சவங்களுக்குக் கிடையாது.

ரிட்டயர் ஆன மறுநாளே நான் சேந்துட்டேன். லைசென்ஸ் வந்துருச்சு, போர்டும் வந்துருச்சு. போர்டுல அந்தம்மா பேரு இல்ல. விதிப்படி எம் பேருதான் போடணும். பெரிய எழுத்துல, பச்சைப் பெயின்ட்டுல. அதைப் பாக்குறப்பல்லாம் எனக்குக் கொஞ்சம் கூசும், கொஞ்சம் நல்லாவும் இருக்கும்.

போன மாசம் புது இன்ஸ்பெக்டர் வந்தாரு. சின்னப் பையன், அதே படிவம். எனக்கு ஒரே மரியாதை. ‘சார், நீங்க இருக்கற இடத்துக்கு இன்ஸ்பெக்‌ஷனே தேவையில்ல’ங்கறாரு. அந்தம்மா ஒரு புள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருந்துச்சு. ‘அந்த அம்மா யாரு சார், ஆயாவா?’ன்னு கேட்டாரு.

ஆமான்னுட்டேன் தம்பி. இல்லன்னு சொன்னா விளக்கணும், விளக்கினா வேற கேள்வி வரும். ‘உதவியாளர், கருணாம்பிகை, எட்டாம் வகுப்பு’ன்னு எழுதிக்கிட்டுப் போனாரு. அந்தம்மாவுக்குக் கேட்டுச்சு. அன்னிக்குப் பூரா என்னால அந்தம்மா முகத்தைப் பாக்க முடியல.

சாயங்காலம் அதுவா வந்து பக்கத்துல நின்னுச்சு. ஆயான்னு சொன்னதைக் கேக்கப்போகுதுன்னு நினைச்சேன். அது கேட்டது வேற.

‘சார், ஒண்ணு கேக்கோணும். தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க இல்லாமப் போயிட்டா லைசென்ஸு என்னங்க ஆகும்?’

நான் யோசிக்கவே வேண்டியதில்ல, விதி மனப்பாடம். ‘ரத்தாயிரும்மா’ன்னேன்.

தலையாட்டிட்டுப் போயிருச்சு. மறுநாள் காலைல எட்டே முக்காலுக்குப் புள்ளைங்க எல்லாத்துக்கும் பால் குடுத்து முடிச்சுட்டு நேரா எங்கிட்ட வந்துச்சு. ஒரு கையில டம்ளர்ல தண்ணி, இன்னொரு கையில என் பிரஷர் மாத்திரை. என் பைக்குள்ள இருந்து எப்ப எடுத்துச்சோ. வாங்கிப் போட்டுக்கிட்டேன். போகல, நிக்குது.

‘முழுங்கீட்டனும்மா.’

‘வாயைத் தொறங்க சார், பாக்கோணும்’னுச்சு.

தொறந்தேன்.